நினைத்தும் செய்யாதது, நினையாமல் செய்வது: பதின்வயதினரின் தீர்மானமும் உடல்நலப் பழக்கமும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 26 அன்று, உலகப் போதைப்பொருள் எதிர்ப்பு நாளையொட்டி, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று கொங்கு மாவட்டங்களின் பள்ளிகளிலும் மாணவர்கள் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம் வருகிறது; சத்தான உணவு குறித்துப் பேச்சுப்போட்டியும் கோலப்போட்டியும் நடக்கின்றன. உறுதிமொழி சொல்லும் பிள்ளைகள் பொய்யாகச் சொல்கிறார்கள் என்று கருதக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் அதே பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் பேருந்து ஏறுகிறார்கள், மாலையில் பேக்கரியில் பஃப்ஸும் டீயுமாகப் பசியாறுகிறார்கள், நள்ளிரவு வரை கைப்பேசியோடு விழித்திருக்கிறார்கள். "எல்லாம் தெரிஞ்சுதானுங்க இருக்குது, செய்யத்தான் மாட்டேங்குதுங்க" என்று பெற்றோர் சொல்வது இந்த முரணைத்தான்.

தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதை உளவியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகள் சொல்வதை நம் பகுதியின் பள்ளி, வீடு, விடுதி ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்தால், பிள்ளைகளின் சோம்பல் என்று நாம் பெயரிடும் பலவற்றுக்கு வேறு காரணங்கள் இருப்பது தெரியவரும்.

சில அடிப்படைச் சொற்கள்

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது. இக்கட்டுரை பெரும்பாலும் 13 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றியது.

தீர்மானம் என்பது, இன்ன செயலை இனிச் செய்வேன் அல்லது செய்யமாட்டேன் என்று ஒருவர் தமக்குள் எடுக்கும் முடிவு. "உடம்பு நன்றாக இருக்க வேண்டும்" என்பது விருப்பம் மட்டுமே. "நாளை முதல் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்" என்பது தீர்மானம். பழக்கம் என்பது, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே சூழலில் திரும்பத் திரும்பச் செய்ததனால், யோசனையின் துணை இல்லாமலே அந்தச் சூழல் வந்தவுடன் நடந்துவிடும் செயல். தீர்மானத்துக்கு மனத்தின் முயற்சி ஒவ்வொரு முறையும் தேவைப்படும், பழக்கத்துக்குத் தேவைப்படாது. பின்வருவன அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

தீர்மானம் எங்கிருந்து வருகிறது

ஐசெக் அய்சன் என்ற உளவியலாளர் 1985-இல் முன்வைத்து 1991-இல் விரிவாக எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு, இத்துறையில் மிக அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. தீர்மானத்துக்கு மூன்று ஊற்றுகள் உண்டு என்கிறது அது. பள்ளிகளில் தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் கொண்டு அவற்றைப் பார்க்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிப்பேருக்கு மேல் உள்ளது. இதற்காக வாரம் ஒருமுறை 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை விழுங்குவாளா, வாயில் வைத்துவிட்டுப் பின்னர்த் துப்புவாளா என்பதை முடிவுசெய்பவை இவை:

1. செயலைப் பற்றிய மனப்பாங்கு. மாத்திரையால் களைப்புக் குறையும், பாடத்தில் கவனம் நிற்கும் என்று அவள் நம்புகிறாளா, அல்லது குமட்டும், மலம் கறுப்பாகப் போகும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியுமா? இரண்டாவதாகச் சொன்னவை உண்மையான பக்கவிளைவுகள். அவற்றை மறைத்துவிட்டுப் பயனை மட்டும் சொல்லும் ஆசிரியரின் சொல், முதல் குமட்டலோடு மதிப்பிழந்துவிடும். வெறும் வயிற்றில் விழுங்காமல் மதிய உணவுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறையும், கறுப்பு நிறத்தால் தீங்கில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மையும் பயனுமான வழி.

2. சுற்றியுள்ளவர்களின் எதிர்பார்ப்பு. வகுப்பில் ஒருத்தி வாந்தியெடுத்தால் அந்தச் செய்தி மறுநாளுக்குள் பள்ளி முழுவதும் பரவும். வீட்டில் ஆத்தாவோ அம்மாவோ "இதையெல்லாம் எதுக்குக் கண்ணு முழுங்கறே" என்று சொல்லிவிட்டால், சுகாதாரத் துறையின் சுவரொட்டிக்கு அதை எதிர்த்து நிற்கும் வலு இல்லை. இந்த வயதில் தோழிகளின் கருத்துக்குப் பெற்றோரின் கருத்தைவிடவும் கனம் கூடுவது இயல்பு.

3. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை. மாத்திரையை விழுங்கத் தெரியாத பிள்ளைகள் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத நேரத்தில் மாத்திரை கையில் வந்தால், விருப்பமுள்ளவளும் அதைப் புத்தகப்பையில் போட்டுக்கொள்வாள்.

மூன்றில் ஒன்று உடைந்தாலும் தீர்மானம் தளர்கிறது. நம் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் முதல் ஊற்றை மட்டுமே தொடுகின்றன.

தீர்மானத்தின் வலு எவ்வளவு

185 ஆய்வுகளைத் தொகுத்து ஆர்மிட்டேஜ், கானர் என்ற இருவர் 2001-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவர் நடத்தைக்கும் இன்னொருவர் நடத்தைக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 27 விழுக்காட்டை இந்தக் கோட்பாட்டால் விளக்க முடிந்தது. மனித நடத்தை பற்றிய ஆய்வில் இது பெரிய அளவுதான். எனினும் எஞ்சிய பெரும்பகுதி தீர்மானத்துக்கு வெளியே இருக்கிறது.

இதைவிடக் கூர்மையான சோதனை வெப், ஷீரன் ஆகியோர் 2006-இல் செய்தது. மக்களின் தீர்மானத்தை உண்மையிலேயே மாற்றிக்காட்டிய 47 பரிசோதனைகளை மட்டும் பொறுக்கியெடுத்து, அவர்களின் செயலும் அதே அளவுக்கு மாறியதா என்று பார்த்தார்கள். புள்ளியியல் அளவுகோலில் தீர்மானம் 0.66 அளவுக்கு வலுப்பட்டபோது செயல் 0.36 அளவுக்கே மாறியிருந்தது. கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது, வயலுக்குப் பாதிதான் வந்து சேர்ந்தது; வாய்க்காலைக் கவனிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். நம் பேச்சுப்போட்டிகளும் உறுதிமொழிகளும் கிணற்றைத்தான் ஆழப்படுத்திக்கொண்டிருக்கின்றன.

இங்கே இரண்டு வகைக் கசிவுகளைப் பிரித்தறிய வேண்டும். நல்ல பழக்கங்கள் பெரும்பாலும், நினைத்தும் செய்யாமல் போவதால் தவறுகின்றன. தீய பழக்கங்கள் பெரும்பாலும், நினையாமல் செய்துவிடுவதால் தொடங்குகின்றன. இரண்டுக்கும் ஒரே அறிவுரையைக் கொடுப்பது, என் பார்வையில், நாம் செய்துவரும் பிழைகளுள் பெரியது.

முதல் இடைவெளி: நினைத்தும் செய்யாதது

ஆர்பெல், ஷீரன் ஆகியோரின் 1998-ஆம் ஆண்டு ஆய்வு, நலம் காக்கும் செயல்களில் தீர்மானத்துக்கும் நடத்தைக்கும் உள்ள இடைவெளியைப் பெரும்பாலும் உண்டாக்குபவர்கள் விருப்பமில்லாதவர்கள் அல்லர், விருப்பம் இருந்தும் செய்யாதவர்களே என்று காட்டியது. பதின்வயதினரின் தூக்கத்தை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும்.

13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பூப்பெய்தும் பருவத்தில் உடலின் உள்கடிகாரம் தாமதமான நேரத்தை நோக்கி நகர்கிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு, சிறுவர்களுக்குச் சுரக்கும் நேரத்தைவிடத் தாமதமாகத் தொடங்குகிறது. எனவே பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வராதது உடலின் இயல்பு. இதன் மேல் நம் பொதுத்தேர்வு ஏற்பாட்டை வைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கோ அதற்கு முன்போ சிறப்பு வகுப்பு. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வருகிற மாணவர் ஐந்து மணிக்கே எழ வேண்டும். எட்டு மணி நேரம் தூங்க அவர் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். உடல் அதற்கு இசையாது. கைப்பேசியின் வெளிச்சம் அந்த நேரத்தை இன்னும் தள்ளிப்போடுகிறது. "இன்றைக்குச் சீக்கிரம் தூங்கிவிடுவேன்" என்று அவர் மனமார எடுத்த தீர்மானம் மூன்றாம் நாளே உடைகிறது.

உடைந்த தீர்மானம் தனியாகப் போவதில்லை. தூக்கம் குறைந்த நாளில் இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவின் மீது நாட்டம் கூடுகிறது, ஆசையை அடக்கும் திறன் குறைகிறது, விளையாடும் தெம்பும் இருப்பதில்லை. ஒரு தீர்மானத்தின் தோல்வி மற்ற மூன்றையும் சேர்த்து இழுக்கிறது. "என்னால் எதையும் தொடர்ந்து செய்ய முடியாது" என்ற எண்ணம் இப்படித்தான் குடியேறுகிறது. அய்சன் சொன்ன மூன்றாம் ஊற்று அதனால் வற்றுகிறது.

காலை உணவிலும் இதே நிலைதான். அம்மா பனியன் கம்பெனிக்கு எட்டு மணிக்குள் போக வேண்டிய திருப்பூர் வீட்டில், சோறு தயாராகும் நேரமும் பிள்ளை கிளம்பும் நேரமும் பொருந்தாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. மதிய உணவில் முட்டை கிடைக்கிறது; ஆனால் உயர்வகுப்புப் பிள்ளைகள் பலர் சத்துணவு வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிறார்கள். நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லுக்குப் பக்கத்திலேயே, வெறும் கூச்சத்தால் முட்டையைத் தவறவிடும் பிள்ளைகள் இருப்பது வருத்தத்துக்குரியது.

பழக்கம் வேரூன்றிய இடத்தில் தீர்மானத்தின் குரல் இன்னும் மெலிகிறது. உவெலெட், வுட் ஆகியோர் 1998-இல் தொகுத்துக் காட்டியபடி, எப்போதாவது செய்யும் செயல்களில் தீர்மானமே நடத்தையை வழிநடத்துகிறது; தினமும் ஒரே சூழலில் செய்யும் செயல்களில் முந்தைய பழக்கமே வழிநடத்துகிறது. தடுப்பூசி போட்டுக்கொள்வது, கண் பரிசோதனைக்குப் போவது போன்றவற்றுக்கு நல்ல விளக்கமும் ஊக்கமும் போதுமானவையாக இருக்கலாம். பேருந்து நிறுத்தத்து மூலையில் மாலை ஐந்தரை மணிக்குச் சூடான பஃப்ஸ் வாசனை வரும்போது, காலையில் எடுத்த தீர்மானம் நினைவுக்கு வருவதற்குள் கை காசை நீட்டிவிடும்.

இரண்டாம் இடைவெளி: நினையாமல் செய்வது

2019-இல் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். இவர்களுள் "நான் புகையிலை போடப் போகிறேன்" என்று தீர்மானித்துத் தொடங்கியவர் மிகச் சிலரே இருப்பர்.

ஃபிரெடரிக் கிப்பன்ஸ், மெக் ஜெரார்டு ஆகியோர் 1990-களில் உருவாக்கிய விளக்கம் இங்கே உதவுகிறது. தீர்மானத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மனநிலையும் உண்டு. அதை இசைவு எனலாம். தேடிப்போய்ச் செய்யும் எண்ணம் இல்லை. ஆனால் சந்தர்ப்பம் தானாக வந்து நின்றால் மறுக்கவும் தயாராக இல்லை. பதின்வயதில் ஆபத்தான செயல்களை, தீர்மானத்தைவிட இந்த இசைவுதான் நன்றாக முன்னறிவிக்கிறது. அந்தச் செயலைச் செய்கிற ஒருவனைப் பற்றி அவர்கள் மனத்தில் இருக்கும் படமே இசைவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. உதட்டிடுக்கில் புகையிலைப் பொட்டலம் வைத்துக்கொள்ளும் சீனியர் மாணவனைத் துணிச்சல்காரனாகப் பார்க்கும் சிறுவனின் இசைவு, அவன் ஒருபோதும் அதை வாங்க நினைத்திராவிட்டாலும், உயர்ந்தே இருக்கும்.

நண்பர்கள் அருகில் இருப்பதே முடிவை மாற்றிவிடுகிறது. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் ஆகியோர் 2005-இல் ஒரு வண்டியோட்டும் கணினி விளையாட்டைக் கொண்டு சோதித்தபோது, சகவயதினர் உடனிருக்கையில் இளையவர்கள் எடுத்த ஆபத்து கூடியது. வயது வந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேராக வண்டியில் போகும் பதினேழு வயதுப் பையன், தனியாகப் போகும்போது அதே வண்டியை நிதானமாக ஓட்டுபவனாக இருக்கக்கூடும்.

இதனால் உறுதிமொழியின் எல்லை தெளிவாகிறது. "போதைப்பொருளைத் தொடமாட்டேன்" என்பது தீர்மானத்தைப் பற்றிய வாக்கியம். ஆபத்து வருவதோ இசைவின் வழியாக, ஒரு திருமண மண்டபத்தின் பின்புறத்தில், ஓர் ஊர்த்திருவிழா இரவில். அதற்குத் தேவைப்படுபவை இரண்டு. ஒன்று, பொருள் கைக்கு எட்டாமல் இருப்பது: 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்பதைத் தடைசெய்கிறது, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, குழந்தைக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. மற்றொன்று, மறுக்கும் சொல்லை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது. இங்கிலாந்துப் பள்ளிகளில் மாணவர்கள் "யாராவது சிகரெட் நீட்டினால் நான் இப்படிச் சொல்வேன்" என்று தாமே எழுதி வைத்துக்கொள்ளும் முறை நான்காண்டுகள் சோதிக்கப்பட்டது. அப்பள்ளிகளில் புகைக்கத் தொடங்கியோர் விகிதம் குறைந்திருந்ததை 2019-இல் வெளியான முடிவு காட்டியது.

யாருடைய தீர்மானம்

எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் ஆகிய இருவரும் வளர்த்தெடுத்த தன்னிர்ணயக் கோட்பாடு, ஒருவர் தமக்கு முக்கியம் என்று கருதிச் செய்வதையும், திட்டுக்கும் பரிசுக்கும் அஞ்சியோ ஆசைப்பட்டோ செய்வதையும் பிரித்துப் பார்க்கிறது. பின்னது, கண்காணிப்பு நின்றவுடன் நின்றுவிடும். விடுதியில் ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி எழுந்த பிள்ளை, கல்லூரிக்குப் போன முதல் ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் கைவிடுவதைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கும். அந்த ஒழுங்கு விடுதியுடையது. பிள்ளையின் தீர்மானம் அதில் இடம்பெறவே இல்லை.

இதில் கவனிக்கத்தக்க ஆய்வு ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்தது. கிறிஸ்டோபர் பிரயன், டேவிட் யேகர் உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்டனர். எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு, சத்தான உணவால் பிற்காலத்தில் நோய் வராது என்ற வழக்கமான பாடம் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு, நொறுக்குத்தீனி நிறுவனங்கள் பிள்ளைகளை மயக்கித் தம் பொருளை விழுங்க வைக்க எப்படித் திட்டமிடுகின்றன என்று காட்டப்பட்டது. மறுநாள், இரண்டாம் பிரிவினர் நொறுக்குத்தீனியையும் சர்க்கரைப் பானத்தையும் விட்டு வேறொன்றை எடுப்பது கூடியிருந்தது. யாருக்கும் அடிபணியாமல் இருப்பது, அநியாயத்தை எதிர்ப்பது ஆகியவை இந்த வயதின் பெருமைகள். உடல்நலம் அந்தப் பெருமையோடு சேர்ந்தபோது அவர்களுக்குச் சொந்தமானது. நாற்பது வயதில் வரும் சர்க்கரை நோய் பதினான்கு வயதுக்கு வெகு தொலைவு. முகப்பரு குறைவது, மைதானத்தில் மூச்சு வாங்காமல் ஓடுவது, கபடி அணியில் இடம் பிடிப்பது ஆகியவை அருகில் இருக்கின்றன.

தீர்மானத்தைப் பழக்கத்தோடு கட்டுவது

பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய முறை எளியது: "இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இது நடந்தவுடன் இதைச் செய்வேன்" என்று தீர்மானத்தை ஒரு குறிப்பிட்ட சூழலோடு முடிந்துவைப்பது. 94 சோதனைகளைத் தொகுத்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில் இதன் பயன் நடுத்தரத்துக்கு மேல் இருந்தது. வீட்டிலும் பள்ளியிலும் இதைச் செயல்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. வாக்கியத்தைப் பிள்ளையே அமைக்க வேண்டும். "சனிக்கிழமை சம்பளத்தன்று பரோட்டாக் கடைக்குப் போனால், முதலில் முட்டை கேட்பேன், குளிர்பானம் கேட்கமாட்டேன்" என்பது திருப்பூர்ப் பிள்ளையின் வாரத்தை அறிந்த வாக்கியம். அதைப் பெற்றோரால் எழுதித் தர முடியாது.

2. ஒரு நேரத்தில் ஒன்றே போதும். தூக்கம், உணவு, ஓட்டம், கைப்பேசி என்று நான்கையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் நான்கும் ஒரே வாரத்தில் நிற்கும்.

3. ஏற்கெனவே நடக்கும் செயலோடு புதியதை ஒட்ட வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் மாணவிக்கு, அந்த நேரத்துக்கான உடற்பயிற்சித் தீர்மானம் தனியாகத் தேவையில்லை. பள்ளிக்குப் போவதே அதைச் செய்துவிடுகிறது. இந்த வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது; 2016 கணக்கின்படி உலகில் 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினரும், பெண்பிள்ளைகளில் 85 விழுக்காட்டினரும் அதை எட்டவில்லை.

4. பொறுமை வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு செயல் யோசனையின்றி நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடுவளவு 66 நாள்; ஆளையும் செயலையும் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை அது வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பரவியிருக்கும் கூற்றுக்கு இதில் ஆதரவில்லை. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பின்னடைவு ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. பொங்கலுக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் விட்டுப்போன பிள்ளையிடம் "உன்னோட லட்சணம் இவ்வளவுதான்" என்று சொல்வதைவிட, ஐந்தாம் நாள் எதுவும் நடவாததுபோல் தொடர விடுவது நல்லது.

தீர்மானத்துக்கு எட்டாதவை

எந்த வாக்கியத்தை எவ்வளவு நன்றாக அமைத்தாலும், பிள்ளையின் கையில் இல்லாததை அது மாற்றாது. பன்னிரண்டாம் வகுப்பில் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கோ இயற்பியலுக்கோ போய்விடும் பள்ளியில், ஓட நினைக்கும் மாணவருக்கு மைதானமும் இல்லை, நேரமும் இல்லை. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பகுதிகளின் உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளை எப்போது எழுவது, எப்போது படுப்பது, என்ன சாப்பிடுவது என்பதில் தானாக முடிவெடுக்கக்கூடியது மிகக் குறைவு. அங்கே உடல்நலம் பற்றிய பொறுப்பைப் பிள்ளையின் மன உறுதி மீது சுமத்துவது அநீதி. நேரப் பட்டியலைத் தயாரிப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

மாணவிகள் தண்ணீர் குடிப்பதும் இத்தகையதே. போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டும் வருகிறார்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராது, கதவில் தாழ்ப்பாள் இருக்காது என்றால், மாலை வீடு திரும்பும்வரை அந்தப் பாட்டிலைத் திறக்காமலே வைத்திருப்பார்கள். மாதவிடாய் நாள்களில் இன்னும் கவனமாகத் தவிர்ப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதுவும் நன்கு யோசித்து எடுத்த தீர்மானமே. அதை மாற்றுவதற்கு வேண்டியவை ஒரு குழாய், ஒரு தாழ்ப்பாள், தினமும் சுத்தம் செய்ய ஓர் ஆள், அவருக்கு மாதந்தோறும் தவறாமல் கொடுக்கப்படும் சம்பளம்.